நாலாவது ஆள்

அப்பாவின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான் மகன். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மேடாகவில்லை. அந்த இடத்தில்தான் போன வார அத்தியாயத்தில் அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதருக்கு உடம்பில் நீர் தங்கினால் கால் அப்படித்தான் வீங்கும். வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்கும்போது, அதுவும் அவருக்கு ரத்தம் சுத்தம் செய்கிற அதே வார்டில் வேலை பார்க்கிற மருமகள் இருக்கும்போது, இது எப்படி அவள் கண்ணில் படாமல் போனது என்று கணவன் கேட்டான். அவள் படுக்கப் போய்விட்டாள்.

காலையில் அந்தக் கேள்வி அவளுக்கு முன்பே எழுந்து சமையலறையில் காத்திருந்தது.

அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் கணவனே பழக்கதோஷத்தில் அப்படிக் கூப்பிட்டுத் தொலைக்க, மாமனார் புரையேறச் சிரித்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் வண்டியில் ஏற்றாமல் அவருக்குப் பேச வராது.

"வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல இருக்கணும். அப்படித்தானே?" கணவன் காபியை ஆற்றாமலே கேட்டான். "அப்புறம் ஏன் கால் வீங்குது?"

"பஸ் போயிடும், மாமா. கிளம்புங்க," என்றாள் அவள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அவளை ஏண்டா குடையறே?" மாமனார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "நாலு மணி நேரம் இல்ல. மூணுதான். ஒரு மணி நேரத்தை நான் விட்டுக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"நாலாவது ஆளுக்கு."

கணவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மூணு பேர் உக்கார்ற சீட்டுல நாலாவதா ஒருத்தர் வந்து நின்னா என்னடா பண்ணுவோம்? கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, ஒதுங்குங்கய்யான்னு சொல்லுவோமில்ல? அதுதான். ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு மூணு பேர். ஆளுக்கு ஒரு மணி ஒதுங்கினா நாலாவது ஆளுக்கு மூணு மணி நேரம் கிடைக்குது. கணக்கு சரியாத்தானே வருது?"

"கணக்கு சரியா வருது. கால்தான் வீங்குது." கணவன் மனைவி பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா இது?"

அவளுக்குத் தெரியும். முதலில் ஒதுங்கச் சொன்னது மாமனார் என்றாலும், மெஷினை ஒரு மணி முன்னதாக நிறுத்தியது அவள் கைதான்.

"அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சா இப்படித்தான்," என்றான் கணவன். அவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசி விற்பவன். "நாலு மெஷினை வாங்கிப் போட்டுட்டு ஊரையே பாத்துக்கறோம்னு போர்டு மாட்டிக்கும். அவனவன் உடம்புக்கு அவனவன்தான் முன்னாடியே வழி பண்ணிக்கணும்."

"நீதான் பண்ணியிருந்தியே. உன் கம்பெனி பாலிசியில உங்கப்பனை ஏத்திக்கிட்டாங்களா?"

"உங்களுக்கு வியாதி முதல்லேயே இருந்துதுப்பா. அது ரூல்ஸ்."

"நோயாளியை ஏத்தாத ஆஸ்பத்திரி வண்டி! முப்பது வருஷ சர்வீசுல நான் அப்படி ஒரு வண்டியைப் பாத்ததில்ல."

சிஸ்டர் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்று பாத்திரத்தைக் கழுவினாள்.

"அதனாலதாண்டா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வேணுங்கறேன். நீ இதுக்குத் தகுதி இல்லைன்னு அங்க யாரும் சொல்ல முடியாது. மூச்சு விடறவனுக்கெல்லாம் வைத்தியம் உரிமை."

"உரிமைன்னு சொன்னா வீக்கம் வடியுமாப்பா?"

 மாமனார் செருப்பில் காலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மகன் குனிந்து செருப்பின் வாரைத் தளர்த்திவிட்டான். 

வாசல் வரை வந்தவன் மனைவியிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "இன்னிக்கு அவருக்கு நாலு மணி நேரம் ஓடணும். மதியம் நான் அங்க வருவேன். பாத்துட்டுதான் போவேன்."

அவள் தலையசைத்தாள். காலை நேரத்திலேயே அவளுக்குக் கால் வலித்தது.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி துவைக்கும் கூடத்தைத் தாண்டி இருந்தது டயாலிசிஸ் வார்டு. நான்கு மெஷின், நான்கு சாய்வு நாற்காலி, கண்ணாடியில் விரிசல் விட்ட ஒரு கடிகாரம். ஜன்னலோர மெஷினில்தான் எல்லாம் ஆரம்பமானது.

ஒன்றரை வருஷம் இருக்கும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஒரு அம்மா, மூச்சு வாங்க வாங்க வாசலில் வந்து நின்றாள். இடம் இல்லை என்று சொல்ல சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள், நாற்காலியில் சாய்ந்திருந்த மாமனார் குரல் கொடுத்துவிட்டார். "ஒரு மணி ஒதுங்கிக்கறேன். அந்தம்மாவை உக்கார வை."

அதே மெஷினில் அவருக்கு முன்னால் உட்காருகிற இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு அடுத்த மெஷினிலும் ஒதுங்கினார்கள். அதற்கடுத்த மெஷினிலும். யாரும் உத்தரவு போடவில்லை. ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறுவதற்குள் மெஷினைக் கழுவ வேண்டுமே, அந்த நேரத்தை சிஸ்டர் தன் சாப்பாட்டு நேரத்திலிருந்து கொடுத்தாள். வார்டு டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். பார்க்காத மாதிரியும் இருந்தாள்.

தையல்காரம்மா பிழைத்துக்கொண்டாள். நன்றிக்கடனாக வார்டின் திரைச்சீலை அத்தனைக்கும் விளிம்பு மடித்துத் தைத்துக் கொடுத்தாள். ரவிக்கைக் கழுத்தில் எப்போதும் இரண்டு குண்டூசி குத்தியிருக்கும். "எனக்கு ஊசின்னா பயமே இல்ல சிஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொருவராகக் கால் வீங்கத் தொடங்கும் வரை.

"சிஸ்டர்! தலைநகரத்து ஆபீசர் வந்தாச்சு. டாக்டரம்மா உங்களைக் கூப்பிடறாங்க." ஓடி வந்து சொன்னவர் வார்டு உதவியாளர். எந்தச் செய்தியும் இவர் வாயில் தங்காது என்பதால் ரேடியோ என்று பெயர்.

புது மெஷின்கள் வரப்போகின்றன, எந்த ஆஸ்பத்திரிக்கு என்று முடிவு செய்ய ஆள் வருகிறார் என்று மாதக்கணக்காகப் பேச்சு. அவர் வந்துவிட்டார். சுகாதாரத்துறை அதிகாரி. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த களைப்பு கண்ணில் இருந்தது. டாக்டரம்மா அறைக்குள் சிஸ்டர் நுழைந்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"உங்களைப் பாராட்டத்தான் கூப்பிட்டேன், சிஸ்டர். நான் போன ஊர்ல எல்லாம் காத்திருக்கறவங்க பட்டியல் நீளமா இருக்கு. இங்க ஒருத்தர் கூட இல்ல. நாலு மெஷினை வெச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு பேரைப் பாக்கறீங்க?"

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ புது மெஷின், சார்?" சிஸ்டர் கேட்டாள்.

"அதுதான் வருத்தம்." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "என் கையில இருக்கறது ரெண்டு. கேக்கற ஊர் பதினொண்ணு. ஆளுங்க காத்துக்கிட்டுச் செத்துப் போற ஊருக்குத்தானே முதல்ல கொடுக்க முடியும்? இங்க யாருமே காத்திருக்கலையே. இல்லாத ஆளுக்கு நான் எப்படிம்மா மெஷின் கேக்கறது?"



ஒன்றரை வருஷம். ஒருத்தரைக் கூட வாசலோடு அனுப்பவில்லை என்று இத்தனை நாள் பெருமைப்பட்டிருந்தாளே, அந்தப் பெருமை இப்போது வேறு ஊருக்கு மெஷினை அனுப்பப் போகிறது. ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்ததில் நாலாவது ஆள் நின்றுகொண்டிருந்ததே வெளியில் தெரியாமல் போய்விட்டது.

"சார்," என்றாள். "இங்க யாரும் நாலு மணி நேரம் உக்கார்றதில்ல."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

சொல்லிவிட்டாள். மாமனார் ஒதுங்கியது, தையல்காரம்மா உட்கார்ந்தது, ஒரு வார்டே ஒதுங்கியது, கால் வீக்கம், எல்லாவற்றையும். பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே போனது. அழுகை வரும் என்று நினைத்தாள். அதற்கும் தெம்பு இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"நல்ல மனசுல பண்ணது. தப்பு."

"தெரியும் சார்."

"எல்லாருக்கும் குறைச்சுக் கொடுத்தா அது வைத்தியமே இல்ல. இன்னிலேருந்து முழு நேரம். இடம் இல்லாதவங்களை இல்லைன்னு எழுதுங்க. அவங்க பேர் மேலிடத்துக்கு வந்தாத்தான் நான் சண்டை போட முடியும்."

"மெஷின் வர எவ்வளவு நாளாகும்?"

"மாசக்கணக்குல ஆகும்."

"அது வரைக்கும் அந்தப் பட்டியல்ல இருக்கறவங்க?"

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "சிஸ்டர், நானும் வைத்தியம் உரிமைன்னு நினைக்கறவன்தான். ஆனா உரிமைன்னு சட்டத்துல எழுதறது சுலபம். அதுக்கு மெஷின் வாங்கி, ஆள் போட்டு, தண்ணி குழாய் இழுத்து... அது வரைக்கும் யாரையாவது வெளியில நிக்க வெச்சுட்டுதான் நாங்க கணக்கு எழுதறோம். எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னா நினைக்கறீங்க?"

சாயங்கால ரயில் வரை அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதப் போவதாகச் சொன்னார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்ததும் டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டாள். "நீ சொல்லலைன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள். அது பாராட்டா திட்டா என்று யோசிக்க நேரமில்லை.

காலையில் ஜன்னலோர மெஷினின் முதல் ஆள் வழக்கம்போல முன்னதாகவே இறங்கிப் போயிருந்தார். இரண்டாவதாக ஏறியவரை அன்றைக்கு நாலு மணி நேரமும் ஓட விட்டாள். "என் டைம் முடிஞ்சுது சிஸ்டர், கழட்டுங்க, ஆள் காத்திருக்கு," என்று அவர் முனகினார். "ஆர்டர்," என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அதனால் மாமனார் தாமதமாகத்தான் ஏறினார். ஊசி குத்தும்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முந்தின வண்டி ஏன் லேட்டு?"

"ஆபீசர் வந்திருக்கார், மாமா."

"நம்ம தையல்காரம்மாவுக்கு நேரம் பத்துமா?"

அவள் குழாயை ஒட்டவைத்த பிளாஸ்திரியை அழுத்தினாள்.  இரவானால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கழுவ விட வேண்டும். அதற்குமேல் ஒரு மெஷினும் ஓடாது. மாமனாருக்கு முழு நேரம் ஓடினால் அவருக்குப் பின்னால் வருகிறவருக்கு நேரமே இருக்காது.

சொன்னபடி கணவன் வந்தான். வார்டுக்குள் அவன் வருவது அதுதான் முதல் தடவை. பாலிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தான். சிவப்புக் குழாய் வெளியே போவதையும் உள்ளே வருவதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவ்வளவு ரத்தமும் வெளியில வந்துட்டுப் போகுதா?"

"வாடகைக்குப் போயிட்டு வருது," என்றார் மாமனார்.

தையல்காரம்மா தன் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கையில் துணிப்பை, கழுத்தில் குண்டூசி. ஜன்னலோர நாற்காலியில் மாமனார் இன்னும் இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "என்னண்ணா, இன்னிக்கு எறங்க மனசு வரலையா?"

"எனக்கென்ன, இதோ எறங்கிடறேன். அம்மாடி, கழட்டு."

சிஸ்டர் கழற்றவில்லை. கணவன் அவளையே பார்த்தான். மற்ற மூன்று நாற்காலிகளும் பார்த்தன.

அவள் தையல்காரம்மாவை நடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். ஒரு வார்த்தையையும் பூசி மெழுகாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் தையல்காரம்மா வாசல் திரைச்சீலையின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ இன்னிக்கு இல்ல."

"இன்னிக்கு இல்ல."

"நாளன்னிக்கு?"

சிஸ்டரின் பார்வை வார்டுக்குள் மாமனாரின் கால் பக்கம் போனது.

"அண்ணா காலை நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றாள் தையல்காரம்மா. "பாத்துட்டும் வந்து வந்து உக்காந்தேன். வேற என்ன பண்ணட்டும்? எனக்கும் உசுருதானே சிஸ்டர்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். "சரி. நான் வரேன்."

"வீட்டுக்கா?"

"வேற எங்க?"

அப்போதுதான் சிஸ்டருக்கு அது தோன்றியது. வீட்டுக்குப் போனால் இவள் மறுபடியும் மறைந்து போவாள். ஒரு பேராக, பேப்பரில் ஒரு வரியாக மட்டுமே மிஞ்சுவாள்.

"வீட்டுக்குப் போகாதீங்க," என்றாள். "என்கூட வாங்க."

டாக்டரம்மா அறையில் அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கதவைத் தட்டவில்லை. தையல்காரம்மாவை அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"காத்திருக்கறவங்க யாரும் இல்லைன்னீங்களே சார். இவங்கதான். உங்க ரயில் வர வரைக்கும் இங்கேயே காத்திருப்பாங்க."

அதிகாரி எழுந்துவிட்டார். "சிஸ்டர், இது..."

"நீங்க எழுதுங்க சார்," என்றாள் தையல்காரம்மா, பையை மடியில் வைத்துக்கொண்டு. "நான் தொந்தரவு பண்ண மாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன்."

சிஸ்டர் அவளருகே குனிந்து, மூச்சு முட்டினால் உடனே சொல்ல வேண்டும் என்றாள். தையல்காரம்மா தலையாட்டினாள். அதற்குள் நடையில் ரேடியோவின் குரல் கேட்டது.

"சிஸ்டர்! சீக்கிரம் வாங்க. உங்க மாமா ஊசியைப் பிடுங்கப் பாக்கறார்!"

ஓடினாள்.

வார்டில், மாமனாரின் வலது கை இடது கையின் குழாயை நோக்கி நீண்டிருக்க, மகன் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாலிசிப் பை தரையில் கிடந்தது. இருவருக்கும் மூச்சு இரைத்தது.

"மாமா! கையை எடுங்க."

"அந்தம்மா எங்க?" மாமனாரின் கண் சிவந்திருந்தது. "நடுவழியில எறக்கி விட்டுட்டியா, அம்மாடி? நீயா?"

 அவள் மெஷினின் அழுத்தத்தைச் சரிபார்த்தாள். 

"அவளைத் திட்டாதீங்கப்பா," என்றான் கணவன். காலையில் இருந்த குரல் இல்லை அது. "உங்க காலுக்காக நான்தான் அவளை நெருக்கினேன். நாலு மணி நேரம் ஓடணும்னேன். அந்த நேரம் இன்னொருத்தர்கிட்டேருந்து வரும்னு எனக்குத் தெரியாதுப்பா."

"தெரிஞ்சிருந்தா?"

மகன் அப்பாவின் மணிக்கட்டை விடவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருப்பேன்," என்றான். "நீங்க என் அப்பா."

மாமனாரின் கை மெல்லத் தளர்ந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

 நான்கு மெஷின்களும் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தன. சிஸ்டர் சுவரில் சாய்ந்தாள். ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

நடையில் செருப்புச் சத்தம் தடதடத்தது. ரேடியோ இங்கேதான் நிற்கிறார், டாக்டரம்மா ஓடுகிற ஆளில்லை. வாசலில் வந்து நின்றது அதிகாரி. கண்ணாடி இல்லை. சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"அந்தம்மாவுக்கு மூச்சு முட்டுது, சிஸ்டர். படுக்கக்கூட முடியல. டாக்டரம்மா ஆக்சிஜன் மாஸ்க் வெச்சிருக்காங்க, உடனே டயாலிசிஸ் போடணுங்கறாங்க." அவருக்கே மூச்சு வாங்கியது. வார்டைச் சுற்றிப் பார்த்தார். "சீக்கிரம் சொல்லுங்க. எந்த மெஷின் காலியா இருக்கு?"

நான்கு நாற்காலியிலிருந்தும் நான்கு முகங்கள் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தன.